நகரச் சுவர்களில் ஓவியம்: சபைக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

சுவர்க்கோழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலையகத்தில் ஒரு சிறிய நகர சபையில் வேலை செய்கிறேன். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு பஸ் நிலையம், ஒரு சந்தைக் கட்டடம், ஒரு நூலகம், நடுவே பிரதான வீதி, அந்த வீதியின் ஒரு பக்கம் முழுவதும் மலையை வெட்டிக் கட்டிய உயரமான தாங்கு சுவர். நம் ஊர்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடந்த மாதாந்தக் கூட்டத்தில், நகரச் சுவர்களை ஓவியங்களால் அழகுபடுத்த வேண்டும் என்ற பிரேரணை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. எதிர்ப்பே இல்லாத பிரேரணை என்றால் எனக்குப் பயம். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம். திட்ட வரைபை எழுதும் வேலை என் மேசைக்கு வந்திருக்கிறது.

2019 இன் இறுதியில், ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாடு முழுவதும் இளைஞர்கள் தூரிகையோடு வீதியில் இறங்கியது நினைவிருக்கும். எங்கள் ஊரிலும் வரைந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று செதில் செதிலாக உரிந்து நிற்கின்றன. யாருடைய பொறுப்பு என்று கேட்டால் எவரிடமும் பதில் இல்லை. அந்தக் கதை மறுபடியும் நடக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், வரைபில் முதலில் எதை எழுதுவது?

பழைய ஓவர்சியர் எழுதியது:

தம்பி, சுவர் யாருடையது என்று முதலில் எழுதுங்கள்.

ஏ, பி தர வீதிகளும் அவற்றின் தாங்கு சுவர்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ரயில் பாதையை ஒட்டியது ரயில்வே திணைக்களத்தினுடையது. நகர எல்லையில் தோட்டம் தொடங்கினால், நிலம் அரசாங்கத்தினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனியிடம். பழைய கட்டடம் ஒன்று பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். இவை எல்லாவற்றையும் கழித்தால் சபைக்கு மிஞ்சுவது சந்தை, நூலகம், பொது மலசலகூடம். சட்டச் சிக்கலே இல்லாத சுவர் ஊரில் மலசலகூடத்தின் சுவர்தான்.

இரண்டாவது, அந்தத் தாங்கு சுவரைத் தொடாதீர்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் நீர் வெளியேறத்தான் வரிசையாகக் குழாய்த் துளைகள் வைக்கிறோம். ஓவியர் வருவார். மலையின் நடுவே ஓட்டை தெரிகிறது என்று சாந்து வைத்து அடைத்துவிடுவார். நீர் போக வழியில்லாமல் பின்னால் அழுத்தம் ஏறும். மழை நாட்களில் அந்தச் சுவரைப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலையாக இருந்தது: புதிய வெடிப்பு உண்டா, வயிறு தள்ளியிருக்கிறதா, துளையில் கலங்கிய நீர் வருகிறதா. மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மக்களுக்குச் சொல்பவையும் ஏறக்குறைய இவைதான். பல வர்ணங்களில் காடும் அருவியும் வரைந்த பின்னால், குறுக்கே ஓடும் கோடு ஓவியர் போட்டதா, சுவர் தானாகப் போட்டுக்கொண்டதா என்று யார் கண்டுபிடிப்பது?

மூடுபனி எழுதியது:

அப்படியானால் ஓவியமே வேண்டாம் என்று எழுதிவிடலாமே, ஐயா.

பழைய ஓவர்சியர் எழுதியது:

அந்தச் சுவரில் வேண்டாம் என்றேன். வாசித்துவிட்டு எழுதுங்கள்.

ஊவாக்காரி எழுதியது:

ஓவர்சியர் ஐயா சொன்னதோடு காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பண்டாரவளைப் பக்கம். சுவர் ஓவிய வேலைகளில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நம் ஓவியங்களை மழையைவிட அதிகமாகக் கெடுப்பது வரவு செலவுத் திட்டம் என்பது என் கட்சி.

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஜனவரியில் பணம் ஒதுக்குவார்கள். விலைமனு கோரி, நிதிக்குழுவுக்குப் போய், திரும்பி வருவதற்குள் மே ஆகிவிடும். மேற்குச் சரிவில், ஹற்றன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மாதம் அது. செப்டெம்பர் வரை சுவர் காயாது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் கொட்டுகிறது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் தோறும் இடியோடு மழை. டிசம்பர் 31 க்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்ற பயத்தில், கடைசி வாரங்களில் ஈரச் சுவரில் அவசரமாகப் பூசுகிறார்கள். உரியாமல் என்ன செய்யும்?

மேற்குப் பக்கத்தில் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஓவியரைத் தெரிவுசெய்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். எங்கள் ஊவாவில் நேர்மாறு. வடகீழ்ப் பருவமழை ஆண்டு முடிவில் நனைத்துவிடும். ஜூன், ஜூலை, ஓகஸ்டில் காய்ந்த காற்று வீசும். மாகாணத்துக்கு ஒரே நாட்காட்டி போட்டு அனுப்பும் சுற்றறிக்கைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சுவர் தயாரிப்பையும் வரைபில் எழுதுங்கள். புதிய சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் விட வேண்டும். பழைய சுவர் என்றால் பாசியைச் சுரண்டி, பாசிக்கொல்லி அடித்து, காயவிட்டு, அதன்பிறகு அடிப்பூச்சு. ஈரம் ஊறும் சுவரில் எனாமல் கூடவே கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடி வர்ணத்தைத் தோலோடு தள்ளிவிடும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்தச் சுவரையே விட்டுவிடுங்கள். மலிவான சிவப்பும் மஞ்சளும் மலைநாட்டு வெயிலில் முதலில் வெளிறும். காவி, செம்மண், கறுப்பு போன்ற இரும்பு ஒட்சைட்டு நிறங்கள் நின்று பிடிக்கும். பஸ் நிலையம் என்றால் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குப் படமே வேண்டாம். புகையும் வெற்றிலை எச்சிலும் அங்கேதான் சேரும். கருமையான பட்டி ஒன்றை அடித்துவிடுங்கள்.

சுவர்க்கோழி எழுதியது:

அக்கா, விலைமனு பற்றித்தான் அடுத்துக் கேட்க நினைத்தேன். எங்கள் கொள்முதல் முறைப்படி குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று மதில் பூசுவதைப் போலவே கணக்கு. கடந்த முறை கடைப் பெயர்ப்பலகை எழுதுபவர் ஒருவருக்குக் கிடைத்தது. அவருடைய எழுத்து அழகானது. யானையை வரையச் சொன்னது அவர் குற்றமில்லை.

ஊவாக்காரி எழுதியது:

சதுர அடிக் கணக்கை விட்டு வெளியே வாருங்கள். மொத்தத் தொகையை நீங்களே முன்கூட்டி அறிவித்துவிடுங்கள். "இந்தச் சுவர், இவ்வளவு பணம், உங்கள் பழைய வேலைகளைக் காட்டுங்கள்." விலை நிலையாக இருந்தால் போட்டி தரத்தில் மட்டும் நடக்கும். பழைய வேலைகளைப் பார்த்து மூவரைத் தெரிவுசெய்து, அந்த மூவருக்கும் மாதிரி வரைவதற்குச் சிறு தொகை கொடுங்கள். ஐம்பது பேரிடம் இலவசமாக மாதிரி வாங்கி வைப்பது அநியாயம். கணக்காய்வு வினா வரும் என்று பயப்படாதீர்கள். தெரிவு முறையும் புள்ளி வழங்கும் அடிப்படையும் முன்கூட்டியே சபையில் நிறைவேறி, கூட்டக் குறிப்பில் இருந்தால் பதில் சொல்ல இடம் உண்டு.

கொழுந்துக்கூடை எழுதியது:

சுவர், மழை, விலைமனு எல்லாம் சரி. என்ன வரையப் போகிறீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே.

நான் சொல்லட்டுமா? கொழுந்து பறிக்கும் பெண். பளபளக்கும் சேலை, நெற்றியில் வட்டப் பொட்டு, கழுத்தில் மாலை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரல் நுனியில், முகத்தில் நிரந்தரச் சிரிப்பு. பின்னால் அருவி. ஹோட்டல் சுவரிலும் அவள்தான், தேயிலைப் பெட்டியிலும் அவள்தான், பஸ் நிலையத்திலும் அவள்தான். என் அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவர். இடுப்பில் படங்கு கட்டி, மழைக்குப் பொலித்தீனைச் சுற்றிக்கொண்டு, காலில் அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலைக்குப் போவார். சிரித்துக்கொண்டு பறித்தால் நாட்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, வேண்டிய கிலோ வராது.

அந்தப் பெண்ணை வரைய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு முகம் இருக்கட்டும் என்கிறேன். ஊரில் உண்மையாக வாழ்ந்த ஒருத்தி, அவளுடைய சம்மதத்தோடு, அவளுடைய உடையில். தெரிவுக்குழுவில் தோட்டத்துப் பெண் ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று வரைபில் எழுதுங்கள். கூட்டத்தைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வைக்காதீர்கள். நாட்பேரை விட்டு வருபவருக்கு அன்றைய சம்பளத்தையும் கொடுங்கள்.

சித்திர மாஸ்டர் எழுதியது:

மகளே, நன்றாகச் சொன்னீர்கள். நானும் பாடசாலையில் ஓய்வுபெறும்வரை அந்தச் சிரித்த பெண்ணைத்தான் பிள்ளைகள் வரையப் பார்த்தேன்.

2023 இல் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் கால்நடையாக வந்த அதே வழி. அந்த வழியை ஒரு சுவரில் வரையலாம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் இறந்த கோவிந்தனின் முகம் எந்த நகரத்துச் சுவரில் இருக்கிறது? 1948 இல் குடியுரிமை பறிபோனது, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் பிரிந்து இந்தியாவுக்கு ரயிலேறியது, எவ்வளவோ இருக்கின்றன. கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்திலேயே, தொழிலாளர் நூதனசாலை ஒன்று இயங்குகிறது. ஓவியரை அங்கே ஒரு நாள் அனுப்புங்கள். இணையத்தில் படம் தேடுவதைவிட நல்லது.

மூடுபனி எழுதியது:

மாஸ்டர், நகரத்தில் சிங்களவரும் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள். கோவிந்தனை வரைந்தால் ஒரு பக்கம் கேட்கும், இன்னொன்றை வரைந்தால் மறுபக்கம் கேட்கும். கடைசியில் அருவியும் மானும்தான் மிஞ்சும். மானுக்கு வாக்குரிமை இல்லாததால் பிரச்சினையும் இல்லை.

சித்திர மாஸ்டர் எழுதியது:

அதனால்தான் தெரிவுக்குழு படத்தைத் தெரிவுசெய்யக் கூடாது என்கிறேன். ஓவியரைத் தெரிவுசெய்யட்டும். பிறகு ஓவியர் அந்தச் சுவருக்கு எதிரே கடை வைத்திருப்பவர், பஸ்ஸுக்கு நிற்பவர், ஓட்டோ தரிப்பிடத்துத் தம்பிமார் எல்லோரோடும் பேசிவிட்டு வரையட்டும். குழுவில் இருக்கும் ஒன்பது பேரும் கை வைத்த படத்தில் ஒன்பது பேருக்கும் பிடிக்காத ஒன்றுமே இருக்காது; பிடித்த ஒன்றும் இருக்காது.

கோவிந்தனைப் பற்றி: துப்பாக்கிக்கு முன்னால் நின்ற ஒரு தொழிலாளியின் கதை சிங்களத் தொழிலாளிக்கும் புரியும். கேட்டுப் பாருங்கள். கேட்காமலே எதிர்ப்பார்கள் என்று முடிவுகட்டுவது நம் சபைகளின் பழக்கம்.

தூரதேசி எழுதியது:

தலவாக்கலையில் பிறந்து இப்போது ரொரன்றோவில் இருக்கிறேன். வெளிநாட்டில் இதைத் தனித் துறையாகவே நடத்துகிறார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் 1959 இலேயே, பொதுக் கட்டுமானச் செலவில் ஒரு வீதத்தைக் கலைக்கு ஒதுக்கச் சட்டம் செய்தது. 1973 இல் சியாட்டில் நகரம் ஒரு வீதம் என்று தொடங்கியது. சந்தைக் கட்டடம் திருத்த ஐம்பது இலட்சம் செலவழித்தால் ஐம்பதாயிரம் ஓவியத்துக்கு. தவிசாளர் மாறினாலும் பணம் நிற்காது.

சறுக்கல்களும் உண்டு. நியூயோர்க்கில் அரச அலுவலகச் சதுக்கம் ஒன்றின் குறுக்கே 1981 இல் ரிச்சர்ட் செரா என்ற சிற்பி 120 அடி நீளத்தில் இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார். நிபுணர் குழு தெரிவுசெய்த வேலைதான். ஆனால் தினமும் அந்த வழியே நடந்தவர்கள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. விசாரணை, வழக்கு என்று இழுபட்டு 1989 இல் அகற்றினார்கள். அதே நகரத்தில் பைவ் பொயின்ட்ஸ் என்ற கட்டடத்தின் ஓவியங்களை உரிமையாளர் 2013 இல் இரவோடு இரவாக வெள்ளை பூசி அழித்தார். 2018 இல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67 இலட்சம் டொலர் கொடுக்கச் சொன்னது.

பழைய ஓவர்சியர் எழுதியது:

தம்பி, 67 இலட்சம் டொலர் எங்கள் சபையின் எத்தனை ஆண்டுச் சோலைவரி என்று கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு வீத யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. சிறிய சபை ஒரு பெரிய கட்டடம் கட்டுவது எப்போதாவது ஒருமுறை. கட்டும் ஆண்டில் கொஞ்சம் பணம் வரும், மற்ற ஆண்டுகளில் ஒன்றும் இராது. பராமரிப்புக்கு அது உதவாது. ஆண்டுதோறும் சிறு தொகையாக இருந்தாலும் தனித் தலைப்பு ஒன்று வேண்டும்.

ஊவாக்காரி எழுதியது:

ஓவியர் உரிமை நமக்கும் உண்டு, அதைத் தூரதேசி சொல்லாமல் விட்டுவிட்டார். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பொருளாதார உரிமைக்குப் புறம்பாக ஓவியருக்கு ஒழுக்க உரிமையையும் தருகிறது. அவர் பெயர் படத்தோடு இருக்க வேண்டும். அவர் மதிப்புக்குக் கேடாகப் படத்தைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம். நம் சபைகள் என்ன செய்கின்றன? ஓவியர் பெயர் மூலையில் சின்னதாக, அனுசரணை வழங்கிய கடையின் சின்னம் நடுவில் பெரிதாக. போதாக்குறைக்குத் திறந்துவைத்தவரின் பெயர் மூன்று மொழிகளிலும். தண்ணீர்க் குழாய் பதிக்கச் சுவரை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் யானையின் காதை வேறொருவரைக் கொண்டு ஒட்டவைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்: யார் திருத்துவது, அழிப்பதற்கு முன் எவ்வளவு காலம் அறிவித்தல் கொடுப்பது.

சித்திர மாஸ்டர் எழுதியது:

அழிப்பதைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறோம்? கோயில் கோபுரத்துச் சுதைகளைப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் வெளிறிப்போகும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று பாலாலயம் செய்து, சாரம் கட்டி, உடைந்த விரலை ஒட்டி, முழுவதும் புதிதாக வர்ணம் தீட்டுகிறார்கள். பணம் எங்கிருந்து வரும், யார் முன்னின்று செய்வது என்று ஊருக்குத் தெரியும். நகரத்துச் சுவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஓவியம் முடிந்த நாளிலேயே அடுத்த வர்ணத்துக்கான ஆண்டைக் கல்வெட்டில் பொறித்து, அந்தப் பணத்தையும் ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். மழை நனையும் சுவருக்குப் பன்னிரண்டு அதிகம், ஐந்து போதும்.

நீண்ட காலம் நிற்க வேண்டுமென்றால் கூரைக்குக் கீழே வரையுங்கள். கண்டிக்கு அருகே தெகல்தொறுவை விகாரையில் 18 ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இன்றும் இருக்கின்றன என்றால், பாறை கூரையாக நிற்பதும் ஒரு காரணம். பஸ் நிலையத்தின் உட்சுவர், நூலகத்தின் படிக்கட்டுச் சுவர், சந்தையின் உட்கூடம். ஊர் மக்கள் மழைக்கு ஒதுங்குவதும் அங்கேதான், படத்தை நின்று பார்க்க நேரம் இருப்பதும் அங்கேதான். வெளிச் சுவருக்கு வர்ணமே வேண்டாம். சீமெந்தில் புடைப்புச் சிற்பம் செய்யலாம். கோபுர வேலை தெரிந்த கைவினைஞர்கள் நம் மலைகளில் இருக்கிறார்கள், அவர்களைச் சபைகள் ஒருபோதும் அழைப்பதில்லை.

மாசிப்பிறை எழுதியது:

மாஸ்டருக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. எல்லாம் நிலைக்க வேண்டுமா? மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறோம். ஊன்றி, ஆடி, கடைசியில் காமனை எரித்துவிடுகிறோம். அடுத்த மாசியில் மறுபடி ஊன்றுகிறோம். யாரும் பராமரிப்பு நிதி கேட்டதில்லை. நகரத்தில் இரண்டு சுவர்களை ஆண்டுக்கு ஒரு படம் என்று விட்டுவிடுங்கள். ஜனவரியில் வெள்ளை பூசி, புதிய ஓவியருக்குக் கொடுங்கள். பிடிக்காத படத்தை ஊர் ஓராண்டு பொறுத்துக்கொள்ளும். மூடுபனி பயப்படும் கோவிந்தனுக்கும் இப்படித்தான் முதல் இடம் கிடைக்கும். இளம் ஓவியர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

கொழுந்துக்கூடை எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த இளம் ஓவியர்களுக்குச் சான்றிதழும் மதியச் சாப்பாட்டுப் பார்சலும் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். பாடசாலைப் பிள்ளைகளைச் சாரத்தில் ஏற்றாதீர்கள்.

மூடுபனி எழுதியது:

தேர்தல் போஸ்டர்களை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. வெள்ளைச் சுவரோ வண்ணச் சுவரோ, பசை வாளியோடு வருபவருக்கு ஒன்றுதான். தொழிற்சங்கக் கூட்டம், இறந்த வீடு, டியூஷன் வகுப்பு எல்லாம் அதே சுவரில்தான்.

பழைய ஓவர்சியர் எழுதியது:

மறக்கவில்லை. சந்தைக்கு முன்னால் ஒரு பெரிய அறிவித்தல் பலகை வையுங்கள், இலவசமாக. ஒட்டுவதற்கு இடமே கொடுக்காமல் ஒட்டாதே என்றால் யார் கேட்பார்கள்? மரண அறிவித்தலை எங்கேயாவது ஒட்டித்தானே ஆக வேண்டும்.

சுவர்க்கோழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு வரைபு இப்படி நிற்கிறது. முதலாம் ஆண்டு ஓவியமே இல்லை. சுவர்களின் பதிவேடு மட்டும். உரிமையாளர், ஈரம், கூரை உண்டா இல்லையா என்ற விபரங்களோடு. வீதியோரத் தாங்கு சுவர் திட்டத்திலேயே இல்லை. கூரைக்குக் கீழே மூன்று சுவர்கள் நீண்ட காலத்துக்கு, சந்தையின் இரண்டு வெளிச் சுவர்கள் மாசிப்பிறை சொன்னபடி ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதற்கு. விலை நிலையானது. ஓவியருக்குரிய பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சமமான தொகை பராமரிப்புக்கென்று தனியாக. தெரிவு முந்தைய ஆண்டு ஒக்டோபருக்குள். அனுசரணையாளரின் சின்னம் படத்துக்குள் வராது. பக்கத்துப் பலகையில், ஓவியர் பெயருக்குக் கீழே. தெரிவுக்குழுவில் சபை உறுப்பினர் இருவருக்கு மேல் இல்லை. இந்தக் கடைசி வரியை நிதிக்குழு வெட்டும் என்று செயலாளர் இப்போதே சொல்லிவிட்டார்.

கொழுந்துக்கூடை எழுதியது:

வெட்டினால் யார் வெட்டினார்கள் என்று கூட்டக் குறிப்பில் பெயரோடு பதியச் சொல்லுங்கள், அண்ணா. பெண்ணுக்கான இடத்தையும் நாட்பேருக்கான பணத்தையும் எழுதவில்லையே?

சுவர்க்கோழி எழுதியது:

எழுதியிருக்கிறேன், தங்கச்சி. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

பழைய ஓவர்சியர் எழுதியது:

சந்தையின் மேற்குச் சுவரைச் சேர்த்திருக்கிறீர்களா? அப்படியான கட்டடங்களில் கூரைப் பீலி உடைந்து, சுவர் முழுவதும் நீர் வழிந்துகொண்டிருக்கும். போய்ப் பாருங்கள். உடைந்திருந்தால் முதலில் பீலியை மாற்றச் சொல்லுங்கள். அதற்கான பணத்தை மட்டும் ஓவியத் தலைப்பிலிருந்து எடுக்க விட்டுவிடாதீர்கள், கேட்பார்கள்.